பத்தியமும் ஒரு மருந்தே
(குரோன் நோயாளர் உடலில் தோன்றும் எதிர்பாரா மாற்றங்கள் பற்றிய விளக்கம்)

முன்னுரை

தமிழ் மருத்துவ மரபில் 'பத்தியம்' என்னும் சொல் ஆழ்ந்த பொருளுடையது. மருந்துண்ணும் காலத்தில் கொள்ளத்தக்கது இது, தள்ளத்தக்கது இது என்று வகுத்துக்கொண்டு உண்பது பத்தியம். மருந்து முடிந்த பின்னும் சில காலம் உணவில் ஒழுங்கு காத்து நிற்பது மறுபத்தியம். ஆகவே நம் முன்னோர் கருத்தில் பத்தியத்திற்குத் தொடக்கம் உண்டு, அளவு உண்டு, முடிவும் உண்டு. வாழ்நாள் முழுவதும் நீளும் அரைப்பட்டினியை அவர்கள் பத்தியம் என்று அழைக்கவில்லை.

பெருநகரங்களின் நோயென ஒரு காலத்தில் கருதப்பட்ட குரோன் நோயின் பெயர் இன்று சங்ககிரி போன்ற ஊர்களிலும் கேட்கப்படுகிறது. இந்நோய் கண்டோர், உண்டால் வலிக்கிறது என்று ஒவ்வோர் உணவாக விலக்குகின்றனர். வலி குறைகிறது, மனம் ஆறுதல் கொள்கிறது. ஆனால் சில மாதங்களோ சில ஆண்டுகளோ சென்றபின் பாதம் மரத்துப்போகிறது. தலைமயிர் கொத்தாக உதிர்கிறது. ஈறில் குருதி கசிகிறது. சிறுநீரகத்தில் கல் தோன்றுகிறது. "பத்தியம் தவறாமல்தானே இருக்கிறோம், இவையெல்லாம் ஏன் வந்தன?" என்று வீட்டார் திகைக்கின்றனர். இத்திகைப்பிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குரோன் நோய் என்பது யாது?

1913-ஆம் ஆண்டிலேயே கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் டால்சீல் இத்தகைய குடல் அழற்சியை விவரித்து எழுதினார். எனினும், 1932-இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சார்ந்த குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வுரைக்குப் பின்னரே இது தனி நோயாக உலகறிந்தது. அம்மூவருள் முதற்பெயராக நின்ற குரோனின் பெயரே நோய்க்கும் நிலைத்தது.

வாய் முதல் குதம் வரை எவ்விடத்திலும் இது தோன்றலாம். ஆயினும் சிறுகுடலின் கடைப்பகுதியும் பெருங்குடலின் தொடக்கமும் இதற்கு விருப்பமான இடங்கள். அழற்சி குடற்சுவரின் மேற்பரப்போடு நில்லாமல் முழுக் கனத்திலும் பரவுவதால் புண், குடல் சுருக்கம், பவுத்திரம் ஆகியன உண்டாகின்றன. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தன் குடலையே தாக்குவது இதன் இயல்பு. இது தொற்றுநோய் அன்று. அடியோடு நீக்கும் மருந்து இல்லையெனினும் நெடுங்காலம் அடக்கி வைக்க இயலும். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் பதவியில் இருந்தபோதே, 1956 சூன் திங்களில், இந்நோய்க்காக அறுவை செய்துகொண்டு, அவ்வாண்டின் இறுதியிலேயே மீண்டும் தேர்தலில் வென்றார் என்பது நோயாளர்க்கு ஊக்கம் தரும் செய்தி.

நம் நாட்டில் இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. குடற்காசநோயும் குரோன் நோயும் இரட்டையர் போல ஒத்த தோற்றமுடையவை. வயிற்றுவலி, எடைக்குறைவு, காய்ச்சல், குடல் சுருக்கம் ஆகியவை இரண்டிலும் உண்டு. காசநோயாளருக்குக் குரோன் நோய் மருந்தாகிய ஸ்டீராய்டைக் கொடுத்தால் காசம் பெருகும். ஆதலால், நோய் இன்னதென்று உறுதி செய்யாமல் பத்தியத்தில் இறங்குவது அடித்தளம் இடாமல் சுவர் எழுப்புவதை ஒக்கும்.

பத்தியம் பயன் தருவது எங்ஙனம்?

உணவுக் கட்டுப்பாட்டினை மருத்துவ உலகம் மறுக்கவில்லை. குடல் சுருங்கியிருப்போர் நார் மிகுந்த காய்களையும், தோல், கொட்டை, விதைகளையும் தவிர்த்தால் அடைப்பு நேராமல் காக்கலாம். குழந்தை நோயாளருக்கு ஆறு முதல் எட்டு வாரம் வரை பிற உணவை நிறுத்திச் சத்துநீர் மட்டுமே கொடுத்து அழற்சியைத் தணிக்கும் முறை பல நாடுகளில் முதல் மருத்துவமாகவே கொள்ளப்படுகிறது. சில உணவுகளை விலக்கிச் சிலவற்றைச் சேர்த்து, அதனுடன் ஓரளவு சத்துநீரும் கொடுக்கும் முறையினை இஸ்ரேலிய மருத்துவர் லெவைன் குழுவினர் 2019-இல் குழந்தைகளிடம் ஆய்ந்து, அது நற்பயன் தருவதாக வெளியிட்டனர்.

இம்முறைகள் யாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை காணப்படுகிறது. இவ்வளவு வாரம் என்ற கால வரையறை உண்டு. விலக்கியதற்கு ஈடான சத்து வேறு வழியில் தரப்படுகிறது. பின்னர்ப் படிப்படியாக உணவு மீட்கப்படுகிறது. நம் மறுபத்தியக் கொள்கையின் வேறொரு வடிவம் இதுவே எனலாம்.

வீட்டில் நாமே வகுத்துக்கொள்ளும் பத்தியத்தில் இம்மூன்றும் இருப்பதில்லை. முதலில் காரம் போகிறது, அடுத்துப் பால், பின்னர்ப் பருப்பு, கடலை, கீரை, பழம், புலால் என ஒவ்வொன்றாகப் போகின்றன. இறுதியில் அரிசிக் கஞ்சியும் சவ்வரிசிக் கஞ்சியுமே எஞ்சுகின்றன. சவ்வரிசி நம் சேலம் மாவட்டத்திற்குப் பெயர் தந்த பொருள், வயிற்றுக்கு இதமானது. ஆயினும் அது மரவள்ளிக் கிழங்கினின்று பிரித்தெடுத்த மாவுப்பொருளேயன்றி வேறன்று. புரதமோ உயிர்ச்சத்தோ அதில் குறிப்பிடத்தக்க அளவில் இல்லை. அதனை நாள்தோறும் உண்பவர் வயிறு நிறைந்தும் சத்துக்கு ஏங்குபவராகிறார்.

தமிழகம் கண்ட பாடம்

ஒருவகை உணவிலேயே நிற்கும் உடலில் என்ன நேரும் என்பதை உலகுக்கு உணர்த்திய ஆய்வுகளுள் சில நம் மண்ணிலேயே நிகழ்ந்தவை. 1918-இல் குன்னூரில் இராபர்ட் மெக்கேரிசன் ஊட்டச்சத்து ஆய்வைத் தொடங்கினார். உயிர்ச்சத்து அழியுமாறு மிகுவெப்பத்தில் வேகவைத்த அரிசியைக் குரங்குகளுக்குக் கொடுத்து அவற்றின் குடலையும் ஆராய்ந்தார். சத்துக்குறை உணவால் குடலே அழற்சியுற்றுக் கெடுவதை அவர் கண்டார். குடல் நலத்திற்காக உணவைக் குறைத்து, அக்குறைவால் குடலையே நலிவிக்க நேரலாம் என்பது இதனால் பெறப்படும்.

அதே குன்னூரிலும், 1931-இல் சென்னைக் கோஷா மருத்துவமனையிலும் பணியாற்றிய லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், கருவுற்ற ஏழைப் பெண்களின் கடுஞ்சோகைக்கு ஈஸ்டுச் சாற்றில் மருந்து கண்டார். அதனுள் இருந்த பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது.

குன்னூர் ஆய்வகம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறிப் பின்னர்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அதனை நடத்தியவருள் தலைசிறந்தவர் சேலத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் சி. கோபாலன் ஆவார். சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட தக்காணத்து ஏழைகளிடம் தோல் கருத்து வெடிக்கும் பெலக்ரா நோய் தோன்றுவதை அவரும் சிறீகாந்தையாவும் ஆராய்ந்து 1960-இல் வெளியிட்டனர். பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத், ஈரான் நாட்டுச் சீராசு நகரில் ரொட்டியும் களிமண்ணுமே உண்டு வளர்ச்சி குன்றிய இளைஞரைக் கண்டு 1961-இல் எழுதினார். துத்தநாகச் சத்தின் குறைவை மருத்துவ உலகம் உணர்வதற்கு அதுவே வழிகோலியது.

குறை உணவில் இருக்கிறது. அதன் அடையாளமோ குருதியிலும் தோலிலும் வளர்ச்சியிலும் தோன்றுகிறது. இதனை மனத்திற்கொண்டால் குரோன் நோயாளர் காணும் மாற்றங்கள் எளிதில் விளங்கும்.

மாற்றங்களும் காரணங்களும்

முதலாவது, வலியின் அமைதி. சுருங்கிய குடல்வழியே செல்லும் சுமை குறைவதால் சில வாரங்களில் வலியும் வயிற்றுப்போக்கும் தணியலாம். இது நன்மையே. ஆனால் வலி அடங்குவதும் புண் ஆறுவதும் ஒன்றல்ல. உள்ளே அழற்சி நீறுபூத்த நெருப்பாய்த் தொடரக்கூடும். மலத்தில் கால்புரொடெக்டின் அளவு, குருதியில் அழற்சிப் புரத அளவு, தேவையாயின் கொலோனோஸ்கோபி என்னும் உள்நோக்குச் சோதனை ஆகியவையே உண்மையை உரைக்கும். வலி இல்லையென்று மருந்தைத் தாமே நிறுத்திப் பத்தியத்தை மட்டும் நம்புவோர் இவ்விடத்தில்தான் இடறுகின்றனர்.

இரண்டாவது, சோர்வும் சோகையும். இரும்புச்சத்துக் குறைவு உணவால் மட்டும் வருவதன்று. புண்ணிலிருந்து குருதி சிறிது சிறிதாகக் கசியலாம். மேலும், அழற்சி மிகும்போது உடல் தன்னிடமுள்ள இரும்பைக் கிடங்கில் பூட்டி வைத்துக்கொள்கிறது; உண்ட இரும்பையும் குடல் எளிதில் ஏற்பதில்லை. அந்நிலையில் முருங்கைக்கீரையும் பேரீச்சையும் மட்டுமே சோகையைத் தீர்த்துவிடா. சிலருக்கு இரும்பை நரம்பு வழியாகவே செலுத்த நேரும்.

மூன்றாவது, கால் மரத்தல். பி12 என்னும் உயிர்ச்சத்து சிறுகுடலின் கடைப்பகுதியில்தான் உட்கொள்ளப்படுகிறது. குரோன் நோய் பெரிதும் தாக்குவதும் அவ்விடத்தையே. அப்பகுதியில் 60 சென்டிமீட்டருக்கு மேல் அறுத்து எடுக்கப்பட்டவர்க்குப் பெரும்பாலும் பி12 ஊசி தேவைப்படும். கல்லீரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான சேமிப்பு இருப்பதால் குறை உடனே வெளிப்படுவதில்லை. பாலும் முட்டையும் புலாலும் விலக்கியவரிடம் இச்சேமிப்பு விரைந்து கரையும்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், மாத்தன் முதலியோர் ஊட்டச்சத்துக் குடலில் சேராத நோய்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். சிறுகுடலில் வாழும் சில நுண்ணுயிர்கள் பி12 சத்தை உண்டாக்க வல்லன என்று 1980-இல் 'நேச்சர்' இதழில் அவர்கள் வெளியிட்டமை உலகின் கவனத்தை ஈர்த்தது. ஆனால் குரோன் நோயில் குடல் சுருங்கி நுண்ணுயிர்கள் அளவுக்கு மேல் பெருகும்போது, அவையே உணவிலுள்ள பி12 சத்தைப் பறித்துக்கொள்வதும் உண்டு. லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நம் சங்ககிரியில் இதனை அழுத்திச் சொல்ல வேண்டும். பாதத்தின் உணர்வு குன்றிய ஓட்டுநர் பிரேக்கின் அழுத்தத்தை எவ்வாறு அறிவார்? தொடக்கத்தில் கண்டால் ஊசியால் மீளலாம். காலம் தாழ்த்தினால் நரம்பின் சிதைவு நிலைத்துவிடக்கூடும். ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் உண்டால் சோகை மறைந்து நரம்புக்கேடு மறைவில் வளரும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

நான்காவது, மயிர் உதிர்தலும் நாச்சுவை குன்றலும். நீடித்த வயிற்றுப்போக்கில் துத்தநாகச் சத்து வெளியேறுகிறது. சுவை தெரியாமை, தோலில் தடிப்பு, ஆறாத புண் ஆகியவை அதன் அடையாளங்கள். ஆனால் அசாதியோப்ரின் மாத்திரை தொடங்கிய சில வாரங்களுக்குள் மயிர் கொத்தாக உதிர்ந்தால் அதனைப் பத்தியத்தின் மேல் ஏற்றிவிட்டு வாளா இருத்தல் கூடாது. ஆசிய மக்களிடம் மிகுதியாகக் காணப்படும் ஒரு மரபணு வேறுபாட்டால் அம்மருந்து சிலர்க்கு நஞ்சாகி வெள்ளணுக்களைக் குறைக்கும். மயிர் உதிர்வு அதன் முன்னறிவிப்பாக இருக்கலாம். அன்றே மருத்துவரை அணுகிக் குருதியணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, ஈறில் குருதி கசிதல். பழங்களை முற்றும் விலக்கி, காய்களை நீண்ட நேரம் வேகவைத்து உண்போரிடம் வைட்டமின் சி குறைந்து, கடலோடிகளின் நோய் என்று பழைய நூல்கள் கூறும் ஸ்கர்வி தலைகாட்டலாம். வடிகட்டிய எலுமிச்சைச் சாறோ நெல்லிச் சாறோ சிறிதளவு ஏற்கிறதா என்று மருத்துவர் துணையுடன் பார்த்தல் நலம்.

ஆறாவது, சிறுநீரகக் கல். மாற்றங்களுள் மிகவும் வியப்புக்குரியது இதுவே. கொழுப்பு குடலில் சரியாகச் சேராதபோது அது உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்துடன் பிணைந்துகொள்கிறது. வழக்கமாகச் சுண்ணாம்புச் சத்தால் கட்டுண்டு மலத்தில் கழியவேண்டிய ஆக்சலேட் என்னும் உப்பு, கட்டவிழ்ந்து பெருங்குடல் வழியே குருதியிற் சேர்ந்து சிறுநீரில் கல்லாகப் படிகிறது. வயிற்றுப்போக்காலும் நம் சமவெளியின் கோடை வியர்வையாலும் சிறுநீர் குறுகும்போது கல் மேலும் எளிதில் விளையும். சுண்ணாம்புக்கல் விளையும் ஊரில் வாழும் நாம், சுண்ணாம்புச் சத்தே கல்லாகிறது என்றஞ்சிப் பாலையும் தயிரையும் நிறுத்துவது இயல்பு. இந்நோயிலோ அவ்வாறு நிறுத்துவது ஆக்சலேட்டைக் கட்டுவதற்குரிய சத்தையும் அகற்றிக் கல்லை வளர்க்கவே துணைசெய்யும்.

ஏழாவது, எலும்பின் தேய்வு. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டுமென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்தது. பால் விலக்கு, வைட்டமின் டி குறைவு, ஸ்டீராய்டு மாத்திரை ஆகிய மூன்றும் சேரும்போது எலும்பு ஓசையின்றி மெலிகிறது. பால் ஒவ்வாதோர் பலர்க்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஊறவைத்து அரைத்து வடித்த கேழ்வரகுப் பால் நாரும் குறைந்தது.

எட்டாவது, வளர்ச்சி குன்றல். சிறுவர் சிறுமியரிடம் வயிற்றுவலிக்கு முன்பே உயரம் நின்றுபோதலும் பூப்புத் தாமதமும் தோன்றலாம். வகுப்பில் ஒத்த வயதினரைவிடக் குள்ளமாகத் தங்கிவிடும் பிள்ளையை, குடும்ப வாகு என்று கொள்ளுமுன் ஒருமுறை ஆய்ந்து பார்க்க ஆசிரியப் பெருமக்கள் பெற்றோருக்குச் சொல்லலாம்.

மீண்டும் உண்ணுதலிலும் கவனம்

நெடுநாள் அரைவயிற்றுடன் மெலிந்தவர்க்கு ஒரே நாளில் நிறைய ஊட்டுவதும் தீங்கு தரும். திடீரென மாவுப்பொருள் சேரும்போது குருதியிலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம் முதலிய உப்புகள் உயிரணுக்களுக்குள் இழுக்கப்பட்டுக் குருதியில் தாழ்கின்றன. கால் வீக்கம், மூச்சுத் திணறல், இதயத் துடிப்பின் கோளாறு ஆகியன நேரலாம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் சிறையினின்று மீண்ட பட்டினியாளரிடம் மருத்துவர்கள் இதனைக் கண்டனர். மறுபத்தியம் படிப்படியாக அமைய வேண்டும் என்ற நம் மரபின் அறிவு இங்கு விளங்குகிறது.

நோன்பும் நோயும்

உணவு குறித்த கட்டுரையில் நோன்பினைப் பேசாமல் விடுதல் இயலாது. திருக்குர்ஆன் இரண்டாம் அத்தியாயத்தில் நோயாளிக்கு நோன்பில் சலுகை வழங்கி, வேறு நாள்களில் நிறைவு செய்ய வழி கூறுகிறது. ஏகாதசியிலும் தவக்காலத்திலும் உண்ணாநோன்பு கொள்வோரும் தத்தம் பெரியோரிடம் கேட்டறியலாம். நோய் கிளர்ந்திருக்கும்போதும், வயிற்றுப்போக்கால் நீர் வற்றியிருக்கும்போதும், கல் தோன்றியவர்க்கும் நாள் முழுதும் நீரின்றி இருத்தல் இடர் தரும். நோய் அடங்கியிருப்போர் மருத்துவரைக் கலந்தபின் முடிவு செய்தல் தகும். நோயுற்ற இளைஞர் நோன்பு வைக்கவில்லையே என்று கேள்வி கேட்காத சூழலை உண்டாக்குவது சமுதாயப் பெரியோர் செய்யத்தக்க பேருதவியாகும்.

செய்யத்தக்கன

ஓர் உணவை விலக்குமுன் அதிலுள்ள சத்து வேறு எதில் கிடைக்கும் என்று கேட்டறிதல் வேண்டும். புலாலும் பருப்பும் விலக்குவோர்க்கு நாமக்கல் வட்டாரம் தரும் முட்டை, நன்கு வேகவைத்த நிலையில், புரதமும் பி12 சத்தும் உடைய மென்மையான உணவு. ஒரே நேரத்தில் பல உணவுகளை விலக்காமல் ஒவ்வொன்றாக விலக்கி, நாளும் விளைவும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, குறித்த வாரங்களுக்குப் பின் பயன் காணாவிடின் மீட்டுக்கொள்ள வேண்டும். திங்கள்தோறும் எடை பார்த்தலும், மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் குருதியில் இரும்பு, பி12, ஃபோலேட், வைட்டமின் டி அளவுகளை அறிதலும் தேவை. மாலைக் காய்ச்சல், விரைந்த எடை இழப்பு, தொடர்ந்த வாந்தி, வயிற்று உப்புசத்துடன் மலமும் காற்றும் பிரியாமை ஆகியவை கண்டால் பத்தியத்தைக் கூட்டிக்கொண்டு வீட்டில் இருத்தல் ஆகாது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு அன்றே செல்ல வேண்டும்.

இன்னொன்றும் நம் கவனத்திற்குரியது. பத்தியம் நீளும்போது உணவைக் கண்டாலே அச்சம் பிறக்கிறது. திருமண விருந்துக்குச் செல்லாமை, விடுதியில் நண்பருடன் உண்ணாமை, உறவினர் கேள்விக்கு அஞ்சி ஒதுங்குதல் எனத் தனிமை வளர்கிறது. "இவ்வளவுதானா சாப்பாடு?" என்னும் வினா ஒரு மாணவனை உணவுக்கூடத்தை விட்டே விரட்டக்கூடும். அவனுக்கேற்ற உணவைத் தனியே வைத்து, வினாவின்றிப் பந்தியில் இடம் தருவதே நாம் செய்யத்தக்கது.

முடிவுரை

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து மருந்து தருபவர் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். பத்தியம் அந்நான்கனுள் மருந்தின் பாற்படும். அளவறிந்து கொடுத்தால் நோயைத் தணிக்கும். அளவும் காலமும் அறியாது தொடர்ந்தால் எல்லா மருந்தையும் போலப் பக்கவிளைவு தரும். புதிதாய்த் தோன்றும் ஒவ்வோர் உடல்மாற்றத்தையும் நோயாளி மறைக்காமல் உரைத்தலும், வீட்டில் சமைத்துத் தருபவர் மருத்துவரிடம் உடன்சென்று எதை எத்தனை காலமாக நிறுத்தினோம் என்று சொல்லுதலும் வேண்டும். மருந்துச் சீட்டைக் கொண்டுசெல்வது போலவே, விலக்கிய உணவுகளின் பட்டியலையும் எழுதிக் கொண்டுசெல்வோமாக. எந்த உணவை எப்பொழுது மீட்கலாம் என்று மருத்துவரைக் கேட்டு, மறுபத்தியத்திற்கும் ஒரு நாள் குறித்துக்கொள்வோமாக.